சொல் தெரிந்தும் சொல்ல இயலாமை: குழந்தைகளின் பேச்சு அப்ராக்ஸியாவும் அதற்குரிய சிகிச்சையும்

என் உறவினர் இல்லம் ஒன்றில், நான்கு வயது நிரம்பாத சிறுவன் ஒருவன், விளக்கேற்றும் வேளையில் கூடத்துச் சுவரில் ஊர்ந்த பல்லியைக் கண்டு, விரலை நீட்டி, 'பல்லி' என்று மணியடித்தாற்போலச் சொன்னதை நான் அருகிருந்து கேட்டேன். அம்மா என்ற சொல்லைக்கூட அதுவரை திருத்தமாகச் சொல்லி அறியாத குழந்தை அவன். ஆகையால் அடுக்களையில் இருந்தவர்களும் திண்ணையில் இருந்தவர்களும் ஒருசேர ஓடிவந்து அவனைச் சூழ்ந்துகொண்டு, 'இன்னொரு தரம் சொல்லு, கண்ணா' என்று கெஞ்சத் தொடங்கினார்கள். அவனும் சொல்லத்தான் முயன்றான். முதலில் 'அய்யி' என்றான். அடுத்து 'பவ்வி' என்றான். மூன்றாம் முறை உதடுகளைக் கூட்டிக்கொண்டு, இருட்டில் தாழ்ப்பாளைத் தடவித் தேடுகிறவனைப்போல வாயை இப்படியும் அப்படியும் அசைத்துப் பார்த்து, ஓசை ஒன்றும் எழாமையால் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். 'சொல்லத் தெரிஞ்ச புள்ளைதானே, ஏன் இந்த வீம்பு?' என்றார் பாட்டி.

அந்தப் பாட்டியை நான் குறை கூற மாட்டேன். ஒரு முறை செய்ய முடிந்ததை மறுமுறையும் செய்ய முடியும் என்பது நம் எல்லாருடைய அன்றாட அனுமானம். அவ்வனுமானம் பொய்த்துப் போகும் இடத்தில் குழந்தையின் மனத்தைச் சந்தேகிப்பது எளிதாகவும், குழந்தையின் மூளைக்கும் நாவுக்கும் இடையே உள்ள பாதையைச் சந்தேகிப்பது அரிதாகவும் இருக்கிறது. ஆனால் இன்ன சொல்லைச் சொல்ல வேண்டும் என்று தெளிவாக அறிந்திருந்தும், நாவும் உதடும் தாடையும் வலுவிழக்காமல் இருந்தும், அச்சொல்லுக்குரிய அசைவுகளைக் கிரமப்படி தீட்டிக் கொடுக்கும் ஆற்றல் மட்டும் குறைந்திருப்பதனால் பேச்சு தடைப்படும் ஒரு நிலை உண்டு என்பது வைத்திய சாஸ்திரத்தில் இன்று ஐயத்துக்கு இடமின்றி ஏற்கப்பட்ட விஷயமாகும். அதற்குக் குழந்தைப் பருவப் பேச்சு அப்ராக்ஸியா என்று பெயர். கிரேக்க மொழியில் 'ப்ராக்ஸிஸ்' என்பது செயல்; அதன் இன்மை அப்ராக்ஸியா. ஆயிரம் குழந்தைகளில் ஒருவருக்கோ இருவருக்கோ இது இருக்கக்கூடும் என்பது அறிஞர் பலர் எடுத்தாளும் மதிப்பீடு.

பேசுதல் என்பது எவ்வளவு நுட்பமான கைவினை என்பதை நாம் நினைத்துப் பார்ப்பதே இல்லை. கண்ணாடியின் முன் நின்று முதலில் 'பா' என்றும் பின்பு 'பூ' என்றும் சொல்லிப் பாருங்கள். இரண்டும் உதடு பொருந்திப் பிறக்கும் பகரத்தில்தான் தொடங்குகின்றன. ஆயினும் 'பூ' என்று சொல்லப் புகும்போது, ஓசை வெளிப்படுவதற்கு முன்னமேயே உதடுகள் குவிந்துவிடுவதையும், 'பா' என்பதற்கு அவ்வாறு குவியாமல் தளர்ந்து நிற்பதையும் காண்பீர்கள். இன்னும் வராத உயிரெழுத்தைப் பகரம் முன்கூட்டியே அறிந்து வைத்திருக்கிறது. பேச்சு எழுத்துகளைக் கல்லடுக்குவதுபோல அடுக்குவதன்று. ஒன்று மற்றொன்றில் கலந்து, ஒன்றன் முடிவு மற்றொன்றின் தொடக்கத்தைச் சமைத்துக்கொண்டே ஓடும் ஓட்டம் அது. தொல்காப்பியர் பிறப்பியல் என்றே ஓர் இயல் வகுத்து, உந்தியிலிருந்து எழும் காற்று தலை, மிடறு, நெஞ்சு ஆகிய இடங்களில் நிலைபெற்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் இவற்றோடு பொருந்தி எழுத்தாவதை விளக்கியிருக்கிறார். எழுத்து என்பது உறுப்புகளின் செயல் என்ற உணர்வு நம் இலக்கண மரபுக்குப் புதிதன்று. அந்தச் செயலுக்கு வேண்டிய திட்டத்தை மூளை வகுக்கும்போது நேரும் இடர்ப்பாடுதான் அப்ராக்ஸியா.

குழந்தை பேசாதிருப்பதற்கும் பிழைபடப் பேசுவதற்கும் வேறு காரணங்களும் உண்டாகையால், அவற்றிலிருந்து இதைப் பிரித்தறிவதே முதல் வேலை. செவிப்புலன் குன்றியிருத்தல் ஒன்று. ஆதலால் காது பரிசோதனை எல்லாவற்றுக்கும் முந்தியது. தசைகளே வலுவிழந்தோ விறைத்தோ இருந்தால், அக்குழந்தை உண்பதிலும் விழுங்குவதிலும்கூடப் பெரும்பாலும் அத்துன்பம் தெரியும். பேச்சில் நேரும் குறையும் ஒரே தன்மையதாக இருக்கும். மூன்றாவது, ஒலிகளின் ஒழுங்கைக் குழந்தை தவறாகக் கிரகித்திருப்பது: 'காக்கா' என்பதை 'தாத்தா' என்றும், 'கத்தி' என்பதைத் 'தத்தி' என்றும், ககரம் வரும் இடமெல்லாம் தகரமாக்கிச் சொல்லும் குழந்தையிடம் பிழை இருந்தாலும் அப்பிழைக்கு ஒரு நியதி இருக்கிறது. அப்ராக்ஸியா உள்ள குழந்தையோ ஒரே காக்காயைக் காலையில் 'ஆக்கா' என்றும், உச்சிப் பொழுதில் 'தாகா' என்றும், சாயங்காலம் 'பாக்கு' என்றும் சொல்லும். அதன் பிழைக்கு நியதி இல்லை என்பதே அதன் லட்சணம்.

இந்த வேறுபாடு தெளிவதற்கு ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. 1861-ஆம் ஆண்டில் பாரிஸ் நகரத்துப் பால் ப்ரோக்கா என்ற வைத்தியர், 'டான்' என்ற ஓர் அசையைத் தவிர வேறெதுவும் சொல்ல இயலாத, ஆனால் பிறர் பேச்சை நன்கு உணர்ந்த நோயாளி ஒருவரின் மூளையை அவர் இறந்தபின் ஆராய்ந்து, இடப்பக்கத்து முன்பகுதியில் சிதைவு இருந்ததைக் காட்டினார். 1900-இல் ஜெர்மானிய வைத்தியர் ஹூகோ லீப்மன், வலக்கையில் வாதம் ஏதுமின்றியும் நினைத்த சைகையை அக்கையால் செய்ய மாட்டாத ஓர் அரசாங்க அதிகாரியைப் பற்றி எழுதி, அப்ராக்ஸியா என்ற கருத்துக்கு உருவம் கொடுத்தார். இவ்விருவரும் ஆராய்ந்தது நோயுற்ற முதியோரை. குழந்தைகளிடத்தில் இதைப் பிரித்துக் காட்டியவருள் முதன்மையானவர் இங்கிலாந்தின் நியூகாஸில் நகரில் பணியாற்றிய மியூரியல் மார்லி என்ற அம்மையார். குழந்தைகளின் பேச்சு வளர்ச்சியையும் பேச்சுக் குறைகளையும் பற்றி அவர் எழுதிய பெருநூல் 1957-இல் வெளிவந்தது. அமெரிக்காவின் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த ஃப்ரெடரிக் டார்லி, பேச்சு அப்ராக்ஸியா என்ற பெயரை 1960-களின் இறுதியில் நிலைநாட்டியதோடு, 1974-இல் மற்றோர் அறிஞருடன் சேர்ந்து குழந்தைகளின் அப்ராக்ஸியாவுக்கு அடையாளங்கள் வகுக்க முயன்றார்.

அம்முயற்சி உடனே வெற்றி பெற்றுவிடவில்லை. ஒருவர் கூறிய அடையாளம் மற்றொருவருடைய ஆராய்ச்சியில் காணப்படாமையால், 1981-இல் வெளிவந்த ஒரு விமர்சனக் கட்டுரை, இது நோயாளிகளைத் தேடி அலையும் ஒரு பெயர் மட்டுமே என்ற பொருள்பட எழுதிற்று. கடுமையான கூற்றுத்தான், ஆயினும் அந்தக் கடுமை நன்மையே செய்தது என்று நான் கருதுகிறேன். பேசாத குழந்தைகளையெல்லாம் ஒரே சீட்டில் எழுதிவிடும் சோம்பலை அது தடுத்தது. பல்லாண்டு விவாதத்துக்குப் பின் 2007-இல் அமெரிக்கப் பேச்சு, மொழி, செவிச் சங்கம் வெளியிட்ட அறிக்கை மூன்று லட்சணங்களை முன்வைத்தது: ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லும்போது உயிரிலும் மெய்யிலும் பிழைகள் மாறிக்கொண்டே இருத்தல்; ஓர் ஒலியிலிருந்து அடுத்த ஒலிக்கும் ஓர் அசையிலிருந்து அடுத்த அசைக்கும் செல்லும் மாற்றம் நீண்டும் அறுபட்டும் போதல்; பேச்சின் ஏற்ற இறக்கமும் அழுத்தமும் பிறழ்ந்திருத்தல். இன்றைய ஆராய்ச்சிகள் பெரும்பாலும் இம்மூன்றையே அடிப்படையாகக் கொள்கின்றன.

காரணத்தைப் பற்றி நீட்டி எழுத இங்கு இடமில்லை. லண்டன் நகரத்துக் குடும்பம் ஒன்றில் மூன்று தலைமுறைகளிலும் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு இக்குறை இருந்ததைத் தொடர்ந்து ஆராய்ந்த அறிஞர்கள், 2001-இல், ஏழாவது குரோமோசோமில் உள்ள ஃபாக்ஸ்பி2 என்ற ஜீனில் ஒரே ஓர் எழுத்து மாறியிருப்பதே அதற்கு மூலம் என்று கண்டார்கள். பத்திரிகைகள் அதை 'மொழியின் ஜீன்' என்று ஆர்ப்பரித்தன, அது மிகைக்கூற்று. 2020-இல் வெளியான ஓர் ஆய்வில் இத்தகைய 34 குழந்தைகளைப் பரிசோதித்தபோது 11 பேரிடத்தில் ஜீன் மாற்றங்கள் கண்டறியப்பட்டன. அவை ஒரே ஜீனைச் சேர்ந்தவையல்ல. பெரும்பாலான குழந்தைகளுக்குக் காரணம் இன்னதென்று சொல்ல முடிவதில்லை. வளர்ப்பில் நேர்ந்த பிழையோ, தாய் கர்ப்பகாலத்தில் கண்டு பயந்ததோ, தொலைக்காட்சியோ இதற்குக் காரணமன்று என்பதை மட்டும் பெற்றோருக்கு உறுதியாகச் சொல்லலாம். அதைச் சொல்லுவதே ஒரு சிகிச்சை.

இனிச் சிகிச்சைக்கு வருவோம். இங்கே என் அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பேச்சைப் பேசித்தான் பழக வேண்டும். இது யாவரும் அறிந்த சாதாரண உண்மைபோலத் தோன்றினும், நடைமுறையில் மிகுதியாக மறக்கப்படுவது இதுவே. மெழுகுவர்த்தியை ஊதி அணைக்கச் செய்தல், உறிஞ்சு குழல் கொண்டு நீர் பருகச் செய்தல், உதட்டைச் சுற்றித் தேன் தடவி நாவால் துழாவச் செய்தல், நாவை மேலும் கீழும் பக்கவாட்டிலும் நீட்டி மடக்கச் செய்தல் ஆகிய அப்பியாசங்கள் உலகெங்கும் பேச்சுச் சிகிச்சை என்ற பெயரால் நடைபெறுகின்றன. 2008-இல் வெளியான ஒரு கணக்கெடுப்பில் அமெரிக்கச் சிகிச்சையாளர்களுள் நூற்றுக்கு 85 பேர் இவற்றைக் கையாண்டு வந்தமை தெரிந்தது. ஆனால் இவற்றால் பேச்சு திருந்துகிறது என்பதற்கு நம்பத்தக்க நிரூபணம் கிடைக்கவில்லை. காரணம் விளங்காததன்று. அப்ராக்ஸியா உள்ள குழந்தையின் நாவில் வலிமைக்குக் குறைவில்லை. ஊதுவதற்குரிய அசைவும் 'ஊ' என்று உச்சரிப்பதற்குரிய அசைவும் பார்வைக்கு ஒத்திருப்பினும் மூளைக்கு அவை வெவ்வேறு காரியங்கள். நீச்சல் பழக வேண்டியவனைக் கரையில் நிறுத்திக் கைகளை வீசச் செய்வதால் அவன் தோள் வலுக்கலாம். நீரில் மிதக்க மாட்டான். நம் ஊர்களில் நாவில் வசம்பு தேய்ப்பதும், நாக்கின் அடி நரம்பை அறுத்துவிட்டால் பேச்சு வந்துவிடும் என்று நம்புவதும் இதே தவற்றின் வேறு உருவங்கள். நாவைப் பழுதென்று கருதும் வரை நாவுக்கே மருந்து தேடுவோம்.

1954-இல் இந்தியானா பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் ராபர்ட் மிலிசென், கண்ணும் காதும் ஒருங்கே துணை செய்யும் வகையில், 'என்னைப் பார், நான் சொல்வதைக் கேள், நான் சொல்வதையே சொல்' என்ற முறையில் ஒலிகளைப் பயிற்றும் வழியை எழுதினார். 1973-இல் மூளை நோயால் பேச்சிழந்த முதியோருக்கு அது எட்டுப் படிகளாக விரிக்கப்பட்டது. அதனைக் குழந்தைகளுக்கு இசைய மாற்றி வளர்த்தவர் மேயோ கிளினிக்கின் எடித் ஸ்ட்ராண்ட் என்ற அம்மையார். அவருடைய முறை டி.டி.டி.சி. என்ற சுருக்கப் பெயரால் வழங்குகிறது. காலமும் ஸ்பரிசமும் இம்முறையின் இரு கைகள். பேச்சே இல்லாத நிலையிலிருக்கும் சிறு குழந்தைகளுக்கு இது மிகவும் பொருத்தமானது என்று கருதப்படுகிறது.

இம்முறையில் நடக்கும் ஒரு பாடத்தை, நான் முன்பு குறிப்பிட்ட சிறுவன் பயின்ற அறையில் ஒரு மூலையில் அமர்ந்து முழுவதும் கண்டேன். சிகிச்சையாளரான பெண்மணி, குழந்தையின் முகமும் தம் முகமும் ஒரே மட்டத்தில் இருக்கும்படி, முழங்காலுக்கு முழங்கால் முட்ட ஒரு சிறு முக்காலியில் அமர்ந்திருந்தார். அன்றைய சொற்கள் ஐந்தே: வா, போ, குடு, அப்பா, வேணாம். படங்கள் நிறைந்த புத்தகமோ ஓசையிடும் பொம்மையோ அங்கு இல்லை. ஒரு ரப்பர்ப் பந்து மட்டும் இருந்தது. 'வேணாம்' என்ற சொல்லை முதலில் குழந்தையும் அவரும் சேர்ந்தே சொன்னார்கள். அதுவும் மிக மெதுவாக, 'வே' என்பதிலிருந்து 'ணா'வுக்கு வாய் செல்லும் வழியை இழுத்துக் காட்டி, ஆனால் இரண்டுக்கும் நடுவே ஓசையை அறுத்துவிடாமல். குழந்தையின் கீழுதட்டை விரல் நுனியால் மெல்லத் தொட்டு மேற்பல்லின்பால் நகர்த்திக் கொடுத்தார். ஏழெட்டு முறை அப்படிச் சொன்னபின் தம் குரலைத் தணித்துக்கொண்டார். அதன்பின் குரலே இன்றி வாயை மட்டும் அசைத்தார். குழந்தை தனித்துச் சொன்னான். அடுத்தபடியாக அவர் சொல்லி முடித்ததும் அவன் சொன்னான். அதற்கும் அடுத்தபடியாக அவர் சொல்லிவிட்டு, இரண்டு விநாடி விரலை உயர்த்திக் காத்திருக்கச் செய்தபின் அவன் சொன்னான். அந்த இரண்டு விநாடியில்தான் சொல் உடைந்தது: 'ஏமாம்' என்று வந்தது. அந்த அம்மாள் முகம் மாறவில்லை; 'தப்பு' என்று சொல்லவில்லை; உடனே ஒரு படி கீழிறங்கி மறுபடியும் அவனோடு சேர்ந்து சொல்லத் தொடங்கினார். பந்தை அவன்பால் உருட்டி, அவன் 'வேணாம்' என்று தள்ளிவிடும் விளையாட்டாக அது மாறியது. இருபது நிமிஷத்தில் அந்த ஒரு சொல்லை அவன் அறுபது முறைக்குக் குறையாமல் சொன்னதை நான் விரல்விட்டு எண்ணினேன்.

குழந்தை தவறுந்தோறும் துணையைக் கூட்டுவதும், தேறுந்தோறும் துணையைக் குறைப்பதுமாகிய இந்த ஏற்ற இறக்கமே அம்முறையின் உயிர். அந்த அறுபது என்ற எண்ணும் அற்பமானதன்று. 2011-இல் இரண்டு குழந்தைகளைக் கொண்டு நடத்தப்பட்ட ஒரு சிற்றாய்வில், பதினைந்து நிமிஷத்தில் 30 முதல் 40 முறை சொல்லிப் பழகிய ஒலிகளைக் காட்டிலும், 100 முதல் 150 முறை சொல்லிப் பழகிய ஒலிகள் விரைவாகத் தேர்ச்சி பெற்றதோடு, பழகாத சொற்களுக்கும் மிகுதியாகப் பரவின. கனடா நாட்டில் 37 குழந்தைகளைக் கொண்டு நடத்திய மற்றோர் ஆய்வில், பத்து வாரங்களுக்கு வாரம் ஒரு முறை வந்தவர்களைவிட இரு முறை வந்தவர்கள் மேம்பட்டார்கள். வாரத்துக்கு மூன்று முதல் ஐந்து தடவை தனிப்பயிற்சி வேண்டும் என்ற அபிப்பிராயம் முன்சொன்ன 2007-ஆம் ஆண்டு அறிக்கையிலும் இடம்பெற்றிருக்கிறது. வாரம் ஒரு நாள், பலரோடு கூட்டமாக, அரைமணி நேரத்தில் இருபது நிமிஷம் பொம்மை விளையாட்டாகக் கழியும் பயிற்சி, மற்றக் குறைகளுக்கு எப்படியோ, இக்குறைக்குப் போதாது.

பழகும் முறையைப் பற்றியும் உடற்பயிற்சி சாஸ்திரத்திலிருந்து சில கொள்கைகள் இங்கு வந்து சேர்ந்திருக்கின்றன. ஒரே சொல்லைத் தொடர்ந்து ஐம்பது முறை சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போவது ஒரு வழி. ஐந்து சொற்களையும் மாற்றி மாற்றிக் கலந்து சொல்வது மற்றொரு வழி. முன்னது அன்றைக்கே பலன் காட்டும். பின்னதன் பலன் தாமதமாக வந்தாலும் நிலைக்கும் என்பது கொள்கை. ஆனால் நான்கு குழந்தைகளிடம் இதைச் சோதித்தபோது, இருவருக்கு முன்னதும் ஒருவருக்குப் பின்னதும் நன்மை செய்ய, எஞ்சிய ஒருவருக்கு இரண்டிலும் தெளிவான முன்னேற்றம் இல்லை. வளர்ந்தவர்கள் பந்தெறிவதிலும் பொத்தானழுத்துவதிலும் கண்ட விதி, பேசப் பழகும் குழந்தைக்கு அப்படியே பொருந்தும் என்று எதிர்பார்ப்பது அவசரம். மற்றொரு கொள்கை இது: ஒவ்வொரு முறையும் 'நன்று, தவறு' என்று சொல்லிக்கொண்டே இருந்தால், குழந்தை தன் பேச்சைத் தானே கேட்டுச் சீர்தூக்கும் பழக்கத்தை அடைவதில்லை.

சற்றே பெரிய குழந்தைகளுக்கு வேறு இரண்டு முறைகள் பெயர் பெற்றவை. லண்டனில் உள்ள நஃபீல்ட் நிலையத்தில் உருவானது ஒன்று. தனி ஒலி, அசை, ஈரசைச் சொல், தொடர் எனச் செங்கல்மேல் செங்கல் வைத்துச் சுவர் எழுப்புவதுபோலப் படங்களின் துணையோடு அது மேலே செல்கிறது. மற்றொன்று ஆஸ்திரேலியாவின் சிட்னி பல்கலைக்கழகத்தில் பட்ரீஷியா மக்கேப், கிர்ரி பாலர்ட் முதலியோர் வகுத்த 'ரெஸ்ட்' என்ற முறை. இதில் குழந்தை சொல்லிப் பழகுவது பொருளற்ற போலிச் சொற்களை; பழைய சொற்களில் பழகிப்போன பிழைகள் குறுக்கிடாமல், அசைக்கு அசை தாவும் வேகத்தையும் அழுத்தத்தையும் மட்டுமே தனியே பழக்குவது நோக்கம். 2015-இல் வெளியான ஆய்வில், நான்கு முதல் பன்னிரண்டு வயது வரையுள்ள 26 குழந்தைகள் இரு பிரிவாகப் பிரிக்கப்பட்டு, வாரம் நான்கு நாளாக மூன்று வாரம், பன்னிரண்டு மணி நேரப் பயிற்சி பெற்றார்கள். இரு பிரிவினரும் நல்ல பலன் கண்டார்கள். நான்கு மாதம் கழித்துப் பார்த்தபோது ரெஸ்ட் முறையில் பயின்றவர்களிடம் அப்பலன் கூடுதலாக நிலைத்திருந்தது. உலகத்து ஆராய்ச்சிகளையெல்லாம் சலித்துப் பார்த்து 2018-இல் காக்ரேன் அமைப்பு வெளியிட்ட மதிப்பாய்வில், குலுக்கல் முறையில் பிரித்துச் செய்த செம்மையான சோதனை என்று ஏற்கப்பட்டது இந்த ஒன்றே ஒன்றுதான். மற்றவை பெரும்பாலும் இரண்டு, நான்கு, ஐந்து குழந்தைகளைக் கொண்டு செய்த சிற்றாய்வுகள். ஆகவே, இது கைகண்ட முறை, மூன்று மாதத்தில் பேசவைத்துவிடுவோம் என்று விளம்பரம் செய்பவர்களிடம் பெற்றோர் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

ஆங்கிலம் பேசும் நாடுகளில் விளைந்த இந்த ஞானத்தைத் தமிழ்க் குழந்தைக்கு அப்படியே எடுத்துக் கொடுத்துவிட முடியாது. ஆங்கிலத்தில் ஒரு சொல்லின் எந்த அசையில் அழுத்தம் விழுகிறது என்பது பொருளையே மாற்றவல்லது. அதனால் அழுத்தப் பிறழ்ச்சி அங்கே முக்கியமான அடையாளமாகிறது, ரெஸ்ட் முறையும் அதையே குறிவைக்கிறது. தமிழில் அந்தப் பொறுப்பைக் குறில் நெடில் வேறுபாடும் ஒற்று இரட்டித்தலும் ஏற்றுக்கொண்டிருக்கின்றன. படு, பாடு, பட்டு, பாட்டு என்ற நான்கையும் பிரித்துச் சொல்ல வேண்டுமானால் கால அளவில் கண்ணிமைப் பொழுதின் பகுதிகளை நாவு எண்ணியாக வேண்டும். எல்லா அசைகளையும் ஒரே நீளத்தில் வெட்டி வெட்டிச் சொல்லும் அப்ராக்ஸியாக் குழந்தைக்கு இந்நான்கும் ஒன்றாகிப் போகும். ஆகையால் தமிழில் இக்குறையை அடையாளம் காண்பவரும் பயிற்றுபவரும் மாத்திரையை முதலில் கவனிக்க வேண்டும் என்பது என் துணிபு.

மற்றொரு வகையில் தமிழ் குழந்தைக்கு உதவி செய்கிறது. அம்மா, அப்பா, பாப்பா, தாத்தா, மாமா என்று வீட்டு உறவுகள் பெரும்பாலும் ஒரே மெய் திரும்ப வரும் ஈரசைச் சொற்களாக அமைந்திருக்கின்றன. பயிற்சியின் முதற்படியில் சிகிச்சையாளர்கள் தேடும் வடிவம் இதுவேதான். வா, போ, தா, பூ என்று ஓரெழுத்தே சொல்லாகி முழுப் பொருள் தரும் வசதியும் உண்டு. அதே மொழி, சற்று மேலே சென்றதும் கடினமாகிவிடுகிறது. 'வந்துட்டிருக்காங்க' என்று நாம் ஒரே மூச்சில் உதிர்க்கும் ஒரு சொல்லில் ஆறு அசைகள் கோத்திருக்கின்றன. ஆங்கிலப் பாடப் புத்தகத்தின் சொற்பட்டியலை மொழிபெயர்த்து வைத்துக்கொண்டு இந்த மலையை ஏற முடியாது. மைசூரில் 1965-இல் அகில இந்தியப் பேச்சு, செவி நிறுவனம் தோன்றியது முதல் இத்துறையில் பயின்றவர்கள் நம் நாட்டில் பெருகி வந்திருக்கிறார்கள். தமிழ்ச் சொற்களை அசைக் கட்டுமானம் பார்த்து எளிதிலிருந்து அரிதாக வரிசைப்படுத்தி, விலையின்றித் தாய்மார் கைக்குக் கிடைக்கச் செய்வது அவர்களால் ஆகக்கூடிய அரும்பணி.

தாய்மாரைப் பற்றிச் சொல்லும்போது ஒன்றைக் குறிப்பிட வேண்டும். 'வீட்டில் நீங்களே சொல்லிக் கொடுங்கள்' என்று சொல்லி அனுப்பிவிடுவது எளிது. ஆனால் சிகிச்சையாளரும் பெற்றோரும் பங்கிட்டுக்கொண்டு ரெஸ்ட் பயிற்சியை நடத்திய ஓர் ஆய்வில், சிகிச்சையாளரே நடத்தியபோது கிடைத்த அளவு சீரான பலன் கிட்டவில்லை. பிழையைக் காதால் பிடிப்பதும், உடனே எந்தப் படிக்கு இறங்குவது என்று முடிவு செய்வதும் பயின்று வரும் வித்தை; அதைத் தாயின் அன்பு ஒன்றே தந்துவிடாது. அதைவிட, தூரத்து ஊரிலிருப்பவருக்கு வீடியோ மூலம் சிகிச்சையாளரே நேராகப் பயிற்றிய முறை, ஐந்து குழந்தைகளிடம் சோதித்தபோது நல்ல பலன் தந்திருக்கிறது. பேருந்தில் மூன்று மணி நேரம் பயணம் செய்து நகரத்துக்கு வரும் குடும்பங்களுக்கு இது ஆறுதலான செய்தி. தாய் செய்ய வேண்டியது, அறையில் தேறிவிட்ட சொற்களை மட்டும் வாங்கிக்கொண்டு, சாப்பாட்டு வேளையிலும் குளியல் வேளையிலும் அவற்றுக்கு வேலை கொடுப்பது.

பேச்சு வரும் வரையில் குழந்தை என்ன செய்யும்? சைகை கற்றுக் கொடுத்தாலோ, படப் பலகையைக் கையில் கொடுத்தாலோ, அதிலேயே பழகிப் பேசாமல் இருந்துவிடும் என்று அஞ்சாத பெற்றோர் இல்லை. இந்த அச்சத்துக்கு ஆதாரமில்லை. இத்தகைய துணைச் சாதனங்களால் பேச்சு குன்றவில்லை என்றும், பலரிடத்தில் ஓரளவு வளரவே செய்தது என்றும் 2006-இல் வெளியான தொகுப்பாய்வு காட்டிற்று. தாகமெடுத்த குழந்தைக்குத் தண்ணீர்ப் படத்தைத் தொட்டுக் காட்டும் உரிமை வேண்டும். 'தண்ணி' என்று சொன்னால்தான் தருவேன் என்று தம்ளரைப் பிடித்துக்கொண்டு நிற்பது, கால் முறிந்தவனை ஓடினால்தான் கட்டுப்போடுவேன் என்பதற்கு நிகர்.

பேச்சு தெளிந்தபின்பும் சில குழந்தைகளிடம் வாசிப்பிலும் எழுத்துக் கூட்டுவதிலும் தடை தொடர்வதை, பள்ளிப் பருவம் வரை பின்தொடர்ந்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. எனவே பேசத் தொடங்கிவிட்டான் என்று மகிழ்ந்து சிகிச்சையை அன்றே நிறுத்திவிடாமல், முதல் வகுப்பில் அவன் எழுத்தை எப்படிப் பற்றுகிறான் என்பதையும் கவனித்துக்கொண்டிருப்பது அவசியம். பலருக்கு இது மாதக் கணக்கன்று, ஆண்டுக் கணக்கு.

பல்லியைக் கண்ட சிறுவன் இரண்டு ஆண்டுப் பயிற்சிக்குப்பின் பள்ளியில் சேர்ந்தான். சேருவதற்கு இரண்டு மாதம் முன்பே, பெயர் கூப்பிட்டதும் சொல்ல வேண்டிய 'உள்ளேன் அம்மா' என்ற தொடரைச் சிகிச்சையாளர் பயிற்சிப் பட்டியலில் சேர்த்துவிட்டார். உகரத்தில் தொடங்கி நாவை மடித்து ளகரத்தைத் தொட்டு, உடனே ஏகாரத்துக்கு நிமிர்ந்து, பின் உதடு மூடி மகரத்துக்குப் போக வேண்டிய அப்பாதையை அவன் நூற்றுக்கணக்கான முறை நடந்து பார்த்தான். சொல் வராவிட்டால் கையைத் தூக்கினால் போதும் என்று வகுப்பாசிரியையிடமும் தகப்பனார் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தார். ஜூன் மாதம் பள்ளி திறந்த நாளில், வருகைப் பதிவேட்டில் அவன் பெயர் பதினேழாவதாக வந்ததாம். ஆசிரியை பெயரை வாசித்துவிட்டுப் பேனாவை நிறுத்திக் காத்திருந்தார். அவன் கையையும் தூக்கினான். 'உய்யேன் அம்மா' என்றும் சொன்னான். ஆசிரியை குறியிட்டுவிட்டு அடுத்த பெயரை வாசித்தார்.